கொலைக்கதை கேட்கும் பிள்ளைக்கு முதல் புத்தகம் எது?

14, 15 வயதில் பல பிள்ளைகள் "மர்டர் மிஸ்டரி வேணும்" என்று கேட்க ஆரம்பிக்கிறார்கள். சிறுவர் சாகசக் கதைகள் சப்பென்று ஆகிவிட்ட வயது. அகதா கிறிஸ்டியின் பணக்கார வீடுகளும் உயில் சண்டைகளும் இன்னும் முழுதாக ஒட்டாத வயது. துப்பறிகிறவர் தங்கள் வயதுக்காரராக இருக்க வேண்டும், ஆனால் சாவு உண்மையான சாவாக இருக்க வேண்டும் என்பதுதான் அவர்கள் கேட்பது. ஆங்கிலத்தில் இதற்கென்றே புத்தகங்கள் குவிந்து கிடக்கின்றன. அட்டையைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க முடியாது, எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும். பின்னட்டையும் உதவாது. ஒரு பள்ளி, ஒரு பிணம், ஊரே மறைக்கும் ரகசியம் என்று எல்லாவற்றிலும் ஒரே பாட்டுதான்.

முதல் புத்தகம் சரியாக அமைந்துவிட்டால் பிள்ளை அடுத்ததைத் தானே தேடிக்கொள்ளும். அதனால் அந்த முதல் தேர்வில் கொஞ்சம் மெனக்கெடலாம். அதிகம் பேசப்படும் ஐந்து நாவல்களை இங்கே எடுத்துக்கொள்கிறேன். ராபின் ஸ்டீவன்ஸின் 'மர்டர் மோஸ்ட் அன்லேடிலைக்' (2014), கேரன் மெக்மானஸின் 'ஒன் ஆஃப் அஸ் இஸ் லையிங்' (2017), மொரீன் ஜான்சனின் 'ட்ரூலி டீவியஸ்' (2018), ஹாலி ஜாக்சனின் 'எ குட் கேர்ள்ஸ் கைடு டு மர்டர்' (2019), ஆஞ்சலின் பூலியின் 'ஃபயர்கீப்பர்ஸ் டாட்டர்' (2021). யார் கொலையாளி என்பதை எதிலும் சொல்லப்போவதில்லை. கதையின் தொடக்கப் பகுதிகளில் தெரியவருவதை மட்டுமே தொடுகிறேன்.

எதை வைத்து ஒப்பிடுவது? வேகம், திருப்பம், கடைசி அத்தியாய அதிர்ச்சி என்றுதான் பெரும்பாலும் பேசுகிறார்கள். எனக்கு அவை இரண்டாம்பட்சம். நான் முதலில் கேட்பது இதைத்தான்: இந்தப் பிள்ளையின் கைக்குத் தடயம் எப்படி வந்து சேர்கிறது?

இன்ஸ்பெக்டர் அடையாள அட்டையை நீட்டினால் கதவு திறக்கும். பிரேதப் பரிசோதனை அறிக்கை அவர் மேஜைக்குத் தானாக வரும். 15 வயதுப் பெண்ணுக்கு அதெல்லாம் கிடையாது. இருட்டுவதற்குள் வீடு திரும்ப வேண்டும், நாளைக்குக் கணக்குத் தேர்வு இருக்கிறது, பெரியவர்கள் யாரும் அவள் கேள்விக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்கள் இல்லை. அப்படியிருக்க, போலீஸ் விட்ட ஒன்றை அவள் எப்படிக் கண்டுபிடிக்கிறாள்? எழுத்தாளர் இதற்கு நேர்மையான பதில் வைத்திருந்தால் நாவல் நிற்கும். இல்லாவிட்டால் யாரோ தற்செயலாக உளறுவதும், கதவோரம் நின்று ஒட்டுக்கேட்பதுமாகவே கதை ஓடும்.

1930-இல் அமெரிக்கச் சிறுவர் நாவல்களில் துப்பறியும் பெண்ணாக நான்சி ட்ரூ வந்தபோது அவளுக்குச் சொந்தமாகக் கார் இருந்தது, அப்பா வழக்கறிஞர். முதல் நாவலில் அவள் தேடியது ஒரு உயில். கொலையே கிடையாது. அந்த அளவு வழக்குக்குக் காரும் அப்பாவும் போதும். கொலை வந்த பிறகு அது போதாது. கொலை என்றால் செத்தவருக்கு ஒரு குடும்பம் இருக்கும், பழி சுமந்த இன்னொரு குடும்பமும் இருக்கும். ஒரு பள்ளிப் பிள்ளை அந்த இரண்டு வீடுகளின் துக்கத்துக்குள்ளும் நுழையப்போகிறது. அதனால் இரண்டாவதாக, கண்டுபிடிப்பதற்காக அந்தப் பிள்ளை என்ன இழக்கிறது என்றும் பார்ப்பேன். ஒன்றும் இழக்காத துப்பறிவாளரை நான் சிபாரிசு செய்வதில்லை.

இந்த இரண்டிலும் அழகாகத் தேறும் புத்தகம் 'மர்டர் மோஸ்ட் அன்லேடிலைக்'. காலம் 1934. இங்கிலாந்தில் டீப்டீன் என்ற பெண்கள் விடுதிப் பள்ளி. டெய்சி வெல்ஸ், ஹேசல் வோங் என்ற இரண்டு 13 வயதுப் பெண்கள் ரகசியமாக ஒரு துப்பறியும் சங்கம் நடத்துகிறார்கள். டெய்சி தலைவர், ஹேசல் செயலாளர். அதுவரை அவர்கள் பார்த்த பெரிய வழக்கு, உடன்படிக்கும் லவீனியாவின் காணாமல்போன டை. ஒரு மாலை ஹேசல் உடற்பயிற்சிக் கூடத்துக்குத் தனியாகப் போகிறாள். அங்கே அறிவியல் ஆசிரியை மிஸ் பெல் தரையில் இறந்து கிடக்கிறார். ஓடிப்போய் டெய்சியை அழைத்து வருகிறாள். வந்து பார்த்தால் உடலைக் காணோம். அப்புறம் மிஸ் பெல்லின் ராஜினாமாக் கடிதம் தலைமை ஆசிரியையின் மேஜையில் இருப்பதாகத் தெரியவருகிறது. பள்ளியைப் பொறுத்தவரை ஆசிரியை வேலையை விட்டுப் போய்விட்டார், விஷயம் முடிந்தது.

இந்த அமைப்பில் உள்ள சாமர்த்தியத்தைக் கவனியுங்கள். போலீஸ் ஏன் வரவில்லை என்ற கேள்வியே எழாது, ஏனென்றால் கொலை நடந்ததே யாருக்கும் தெரியாது. பிணம் இல்லாத கொலையை முதலில் கொலை என்று நிரூபித்தாக வேண்டும், அதன் பிறகுதான் கொலையாளி. அந்தப் பெண்களிடம் இருக்கும் ஒரே ஆயுதம், அவர்கள் அந்தப் பள்ளியில் வாழ்கிறார்கள் என்பது. எந்த ஆசிரியை எந்த மணிக்கு எந்த அறையில் இருப்பார், எந்தப் படி வழியாக இறங்குவார், யாருக்கும் யாருக்கும் பேச்சுவார்த்தை இல்லை என்பதெல்லாம் மாணவிகளுக்கு அத்துபடி. பெரியவர்களோ சின்னப் பெண்கள் பக்கத்தில் நிற்பதையே கவனிப்பதில்லை. சம்பவ நேரத்தில் எந்த ஆசிரியர் எங்கே இருந்தார் என்று சக மாணவிகளிடம் பேச்சுவாக்கில் கேட்டுக் கேட்டு, சந்தேகப் பட்டியலில் ஒவ்வொரு பெயராக அடித்துக்கொண்டே போகிறார்கள். ஹேசலின் வழக்குக் குறிப்பேடுதான் நாவலே. அதனால் அவளுக்குத் தெரிந்தது முழுக்க நமக்கும் தெரியும். படிக்கிற பிள்ளையும் ஒரு பென்சிலை எடுத்துக்கொண்டு கூடவே அடிக்கலாம்.

ஹேசல் ஹாங்காங்கிலிருந்து வந்தவள். ஆங்கிலேயக் கல்வியின் மேல் அப்பாவுக்கு இருந்த மதிப்பால் அங்கே அனுப்பப்பட்டவள். அந்தப் பள்ளியில் அவள் தோற்றத்துக்கும் பேச்சுக்கும் கேட்க வேண்டிவரும் சொற்களை ஸ்டீவன்ஸ் மழுப்பவில்லை. டெய்சிக்கு இந்த வழக்கு ஒரு விளையாட்டு. அவள் பிரபு வீட்டுப் பெண், தப்பு செய்தாலும் யாரும் வெளியே தள்ளிவிட மாட்டார்கள். ஹேசலோ உடலை நேரில் பார்த்தவள், இரவில் அது திரும்பத் திரும்ப வருகிறது. இந்த வித்தியாசம் இருவருக்கும் நடுவே உரசலாக வளர்கிறது. கண்டுபிடிப்பின் விலை இங்கே நட்பின் மேல் விழுகிறது, 12 வயதுப் பிள்ளைக்கு அது நன்றாகவே புரியும் விலை. ஒரு குறை உண்டு. 1930-களின் ஆங்கில விடுதிப் பள்ளி வழக்கங்கள், வகுப்புப் பெயர்கள், இடைவேளை பன்கள், மூத்த மாணவிகளின் அதிகாரம் என்று முதல் 40, 50 பக்கங்கள் நம் பிள்ளைகளுக்குக் கொஞ்சம் அந்நியமாக இருக்கும். எனிட் பிளைட்டனின் விடுதிப் பள்ளிக் கதைகளைப் படித்திருந்தால் சிரமமே இராது.

இப்போது எல்லோரும் கேட்கும் 'எ குட் கேர்ள்ஸ் கைடு டு மர்டர்'. லிட்டில் கில்டன் என்ற சிற்றூர். இங்கிலாந்தின் பக்கிங்ஹாம்ஷயரில் நடப்பதாகக் கற்பனை. ஐந்து ஆண்டுகளுக்கு முன் ஆண்டி பெல் என்ற பள்ளி மாணவி காணாமல்போனாள், உடல் கிடைக்கவேயில்லை. அவளுடைய காதலன் சால் சிங் கொலையை ஒப்புக்கொண்டதாக ஒரு குறுஞ்செய்தி. பிறகு அவனும் காட்டில் இறந்து கிடந்தான். ஊரைப் பொறுத்தவரை வழக்கு முடிந்தது. 17 வயது பிப் ஃபிட்ஸ்-அமோபிக்கு மட்டும் மனம் ஒப்பவில்லை. சிறுவயதில் சால் தன்னிடம் எவ்வளவு பரிவாக நடந்துகொண்டான் என்று அவளுக்கு ஞாபகம் இருக்கிறது. அந்த நினைவைத் தவிர ஆரம்பத்தில் அவளிடம் வேறு ஆதாரம் எதுவும் இல்லை.

தடயம் எப்படிக் கைக்கு வரும் என்ற கேள்விக்கு நான் படித்தவற்றில் மிகச் சிறந்த பதில் இந்த நாவலில்தான் இருக்கிறது: பள்ளி ப்ராஜெக்ட். பிரிட்டனில் பள்ளி இறுதி மாணவர்கள் ஈ.பி.க்யூ. என்ற விருப்பத் தகுதிக்காக, தாங்களே தேர்ந்த தலைப்பில் தனியாக ஆய்வு செய்து அறிக்கை எழுதலாம். உண்மையிலேயே இருக்கும் ஏற்பாடு அது. பிப் அதற்கு ஆண்டி பெல் வழக்கை எடுக்கிறாள். பத்திரிகையாளரிடம் பேச, பழைய நண்பர்களைப் பேட்டி காண, போலீசிடம் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் விசாரணைப் பதிவைக் கேட்க அவளுக்கு ஒரு காரணம் கிடைத்துவிடுகிறது. "ஸ்கூல் ப்ராஜெக்ட்டுக்காக" என்று ஒரு மாணவி கேட்டால் மனிதர்கள் இளகித்தான் பேசுவார்கள், எந்த ஊரிலும்.

நாவலின் பெரும் பகுதி அவளுடைய ஆய்வுக் குறிப்புகளாகவே அச்சிடப்பட்டிருக்கிறது. பேட்டியைப் பதிவுசெய்து வரிக்கு வரி எழுதுகிறாள். அப்புறம் அதில் எது பொருந்தவில்லை என்று தனக்குத்தானே வாதாடுகிறாள். குறிப்பின் முடிவில் சந்தேகத்துக்குரியவர் பட்டியல், அதில் ஒரு பெயர் கூடியிருக்கும். இடையில் வரைபடம், ஃபேஸ்புக்கில் பழைய பார்ட்டிப் புகைப்படங்கள், செய்தித் துணுக்குகள். சாலின் நண்பர்கள் முதலில் "அன்றிரவு எங்களோடுதான் இருந்தான்" என்று சொல்லிவிட்டு, பிறகு அந்த வாக்குமூலத்தை மாற்றிக்கொண்டவர்கள். ஏன் மாற்றினார்கள் என்று ஒரு நூல் பிடித்துக்கொண்டு போவதுதான் முதல் பாதி. சாட்சியம் என்றால் என்ன, வதந்தி என்றால் என்ன, ஒருவர் சொன்னதை இன்னொருவர் சொன்னதோடு வைத்துச் சரிபார்ப்பது எப்படி என்று அறிவுரையே இல்லாமல் இந்த நாவல் காட்டிக்கொடுக்கிறது. எதை வேண்டுமானாலும் ஃபார்வேர்டு செய்யும் இந்தக் காலத்தில், ஒரு 15 வயதுப் பிள்ளை இதைக் கதையின் ருசியோடு படிப்பதை நான் பெரிதாக மதிக்கிறேன்.

விலையும் இங்கே கடுமையானது. ஆய்வுக்கு அனுமதி தந்த பள்ளி, இரண்டு குடும்பங்களையும் நெருங்கக் கூடாது என்று எச்சரித்திருக்கிறது. பிப் முதல் அத்தியாயத்திலேயே சாலின் வீட்டுக் கதவைத் தட்டுகிறாள். திறப்பவன் சாலின் தம்பி ரவி. ஐந்து ஆண்டுகளாக அந்த ஊர் அந்தக் குடும்பத்தை எப்படி நடத்தியிருக்கிறது என்பது அவன் அவளைப் பார்க்கும் முதல் பார்வையில் இருக்கிறது. அப்பா இந்திய வழி வந்தவர். அந்தப் பெயரும் நிறமும் ஊருக்கு முடிவெடுப்பதை எளிதாக்கின என்பதை ரவி பேசுகிறான், நாவலும் நழுவாமல் பேசுகிறது. இன்னொன்று: ஆய்வு நகர நகர, பிப் தன் உயிர்த்தோழியின் அக்கா பெயரையே சந்தேகப் பட்டியலில் எழுத வேண்டி வருகிறது. சின்ன வயதிலிருந்து தன் வீடுபோல் போய்வந்த வீடு அது. எழுதிவிட்டு மறுநாள் அங்கேயே போய் உட்கார்ந்து சிரித்துப் பேச வேண்டும். 17 வயதில் இது என்ன பாரம் என்று படிக்கிற பிள்ளைக்கு யாரும் விளக்கத் தேவையில்லை.

பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். போதைப்பொருள், பார்ட்டியில் பெண்களுக்குத் தெரியாமல் பானத்தில் மருந்து கலப்பது, மிரட்டல் எல்லாம் கதையில் வருகின்றன. பிப் பொய் சொல்கிறாள், ஏமாற்றிப் பேச வைக்கிறாள், அத்துமீறி நுழைகிறாள். அவள் செய்தது சரியா என்று வீட்டில் பேச நல்ல இடங்கள் அவை. அமெரிக்கப் பதிப்பில் ஊரைக் கனெக்டிகட் மாநிலத்துக்கு மாற்றிவிட்டார்கள், ஈ.பி.க்யூ.வும் வேறொரு பள்ளி ஆய்வாக மாறியிருக்கிறது. வாங்கும்போது பிரிட்டிஷ் பதிப்பைக் கேட்டு வாங்குங்கள், கதைக்கு அந்தச் சிற்றூர்தான் உயிர். 2024-இல் வந்த பி.பி.சி. தொடரைப் பார்த்துவிட்டுப் படித்தால் பாதி ருசி போய்விடும், விடை தெரிந்துவிடுமே.

'ஒன் ஆஃப் அஸ் இஸ் லையிங்' பற்றி அதிகம் சொல்ல எனக்கு இல்லை. தொடக்கம் பிரமாதம். கலிஃபோர்னியாவில் பேவியூ உயர்நிலைப் பள்ளி. தண்டனைக்காக வகுப்பில் ஐந்து மாணவர்கள் உட்கார வைக்கப்படுகிறார்கள். அதில் சைமன் என்பவன், பள்ளியில் எல்லோருடைய ரகசியத்தையும் ஒரு செயலியில் போட்டு உடைப்பவன். தண்ணீர் குடிக்கிறான், கடலை ஒவ்வாமையால் மூச்சு முட்டிச் சாகிறான். உயிர் காக்கும் ஊசி மருந்து இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. மிச்சம் நான்கு பேரும் சந்தேகத்துக்குரியவர்கள், நான்கு பேரும் மாறி மாறிக் கதை சொல்கிறார்கள். படிக்கச் சுலபம், ஒரே வாரக் கடைசியில் முடித்துவிடலாம்.

ஆனால் இதில் துப்பறிதல் குறைவு. நான்கு பேரும் தங்கள் ரகசியம் வெளியே வராமல் காப்பதிலேயே முக்கால்வாசிக் கதை போகிறது. விசாரித்துக் கண்டுபிடிப்பதை முனைந்து செய்கிறவள் அந்த நால்வரில் ஒருத்தியே இல்லை, நால்வரில் ஒருத்தியான ப்ரான்வினின் தங்கை மேவ். தடயங்களும் நம் முன் முழுதாக வைக்கப்படுவதில்லை, நான்கு பேருமே நம்மிடமிருந்தும் மறைக்கிறார்கள். மன அழுத்தமும் தன்னை மாய்த்துக்கொள்ளும் எண்ணமும் கதையில் வருகின்றன. அவற்றை இந்த நாவல் கையாளும் விதம் எனக்குப் போதவில்லை. வேகத்துக்காக அவசரப்பட்டுக் கடந்துவிடுகிறது. அந்த விஷயங்களோடு இப்போது போராடிக்கொண்டிருக்கும் பிள்ளையின் கையில் இதைத் தனியாகக் கொடுக்க மாட்டேன். ஆங்கிலம் தடுமாறும் பிள்ளைக்கு வாசிப்பில் ஓட்டம் பிடிக்க மட்டும் என்றால், சரி, கொடுக்கலாம்.

'ட்ரூலி டீவியஸ்' இன்னொரு வகை. வெர்மான்ட் மலையில் எல்லிங்ஹாம் அகாடமி. 1936-இல் பள்ளியின் நிறுவனரான கோடீஸ்வரரின் மனைவியும் சிறு மகளும் கடத்தப்பட்டார்கள், ஒரு மாணவி செத்துப்போனாள். புதிர்க் கவிதையாக ஒரு மிரட்டல் கடிதம் வந்திருந்தது. அந்த வழக்கைத் தீர்ப்பதற்காகவே இப்போது அங்கே சேர்கிறாள் ஸ்டீவி பெல். பழைய குற்றங்களைப் பற்றி விழுந்து விழுந்து படித்தவள், அடிக்கடி பதற்றத் தாக்குதல் வரும் பெண். அந்தப் பதற்றத்தை ஜான்சன் எழுதியிருக்கும் விதம் உண்மையாக இருக்கிறது. மூச்சு வாங்குவதும், அது கடந்துபோகும்வரை காத்திருப்பதும், மறுநாள் திரும்ப எழுந்து வேலையைப் பார்ப்பதும். தடயம் வரும் வழியும் நியாயமானதே. காப்பகக் கோப்புகள், பழைய கட்டடங்கள், சுரங்கப் பாதைகள். பழைய கொலையும் புதிய கொலையும் அத்தியாயம் மாற்றி அத்தியாயம் பின்னிப்போகின்றன.

வாங்குமுன் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்று: முதல் புத்தகத்தில் விடை வராது. 1936-இன் முழுக் கதைக்கு 'தி வேனிஷிங் ஸ்டேர்', 'தி ஹேண்ட் ஆன் த வால்' வரை மூன்றையும் படித்தாக வேண்டும். மூன்று புத்தகத்துக்குப் பணமும் பொறுமையும் இருக்கிற வாசகருக்கு அருமையான தொகுப்பு. முதல் புத்தகமாகத் தனியே பரிசளித்தால் பிள்ளைக்குக் கோபம்தான் வரும். அந்தக் கோபம் நியாயமானது.

கடைசியாக 'ஃபயர்கீப்பர்ஸ் டாட்டர்'. ஐந்திலும் இலக்கியமாக உயர்ந்தது இதுவே என்று தயங்காமல் சொல்வேன். இளையோர் இலக்கியத்துக்கு அமெரிக்காவில் தரப்படும் பெரிய விருதான ப்ரின்ட்ஸ் விருதை 2022-இல் பெற்றது. பூலி, சூ செயின்ட் மேரி சிப்பெவா பழங்குடியின் பதிவுபெற்ற உறுப்பினர். கதையும் அந்த ஊரிலேயே நடக்கிறது. மிச்சிகனின் வட எல்லை, ஆற்றுக்கு அந்தப் பக்கம் கனடா, காலம் 2004. டோனிஸ் ஃபோன்டைனுக்கு 18 வயது. அம்மா வெள்ளையர், அப்பா ஓஜிப்வே (சிப்பெவா மக்களின் இன்னொரு பெயர்). பழங்குடிப் பதிவேட்டில் அவள் பெயர் இல்லை. வெள்ளைக்காரத் தாத்தா பாட்டி வீட்டிலும் முழுதாக ஒட்டாதவள். ஊரில் மெத் என்ற போதைப்பொருள் பரவி இளம் பிள்ளைகளைத் தின்றுகொண்டிருக்கிறது. தன் உயிர்த்தோழி கண்ணெதிரே சுடப்பட்டுச் சாவதை டோனிஸ் பார்க்கிறாள். அதன் பிறகு எஃப்.பி.ஐ. அவளை ரகசியத் தகவலாளியாகச் சேர்த்துக்கொள்கிறது.

அவளை ஏன் எடுக்கிறார்கள்? அவளுக்கு வேதியியலும் தெரியும், தன் மக்களின் மூலிகைகளும் தெரியும். அந்தப் போதைப்பொருளில் ஏதோ கலந்திருக்கிறது என்று சந்தேகிக்கிறார்கள், அது என்ன என்று சொல்ல இரண்டும் தெரிந்தவர் வேண்டும். ஒரு பதின்ம வயதுப் பெண்ணிடம் அரசாங்கமே வந்து நிற்பதற்கு இதைவிட உறுதியான காரணத்தை நான் எந்த நாவலிலும் பார்த்ததில்லை. காலையில் புகையிலையை மண்ணில் வைத்து வணங்குவதும், வேதியியல் ஆசிரியராக இருந்த மாமா கற்றுத்தந்த படிமுறையில் சந்தேகத்தைச் சோதிப்பதும் ஒரே பெண்ணின் ஒரே நாளில் நடக்கின்றன. இரண்டில் ஒன்று உயர்ந்தது என்று நாவல் எங்கேயும் சொல்வதில்லை.

விலை என்று பார்த்தால் மற்ற நான்கும் இதன் பக்கத்தில் வர முடியாது. எஃப்.பி.ஐ.க்கு வேண்டியது ஒரு கைது. டோனிஸுக்கு வேண்டியது தன் மக்கள் பிழைப்பது. எந்த மூலிகை எங்கே விளைகிறது என்று அதிகாரிகளிடம் சொன்னால் நாளை அந்த இடம் என்னாகும் என்று அவள் யோசிக்கிறாள். சிலவற்றைச் சொல்லாமல் விடுகிறாள். துப்பறிவாளர் தன் மேலதிகாரியிடமிருந்தே தன் ஊரைக் காக்க வேண்டிய நிலை. இதற்கு அடியில் ஒரு சட்ட வரலாறும் இருக்கிறது. பழங்குடி நிலத்தில் பழங்குடியல்லாதவர் குற்றம் செய்தால், அவரைப் பழங்குடி நீதிமன்றம் விசாரிக்க முடியாது என்று 1978-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பழங்குடிப் பெண்களுக்கு நடந்த வன்முறை பல தண்டனையின்றிப் போனதற்கு அது ஒரு பெரிய காரணம். இந்த நாவலில் அது பாடமாக வருவதில்லை, ஒரு பெண்ணின் உடம்புக்கு நேர்ந்ததாக வருகிறது. படித்து முடித்த பின்னும் அந்தக் கோபம் எனக்குத் தணியவில்லை, தணியவும் வேண்டாம்.

அதனால்தான் இதை 14 வயதில் கொடுக்காதீர்கள் என்கிறேன். பாலியல் வன்முறை நேரடியாகவே வருகிறது, அடுத்தடுத்துச் சாவுகள் வருகின்றன. ஏறக்குறைய 500 பக்கம். ஓஜிப்வே மொழிச் சொற்கள் நிறைய, ஐஸ் ஹாக்கி பற்றிய பக்கங்களும் நிறைய. முதல் 100 பக்கம் மெதுவாகத்தான் நகரும். 17 வயதில், நடுவில் பேச ஒரு பெரியவர் பக்கத்தில் இருந்தால், இதைவிடப் பெரிய பரிசு இல்லை.

ஆக, 12, 13 வயது என்றால் எனக்குக் குழப்பமே இல்லை, டீப்டீன் பள்ளிதான். அது பிடித்துப்போனால் அந்த இரண்டு பெண்களும் வளர வளரத் தொடரும் புத்தகங்கள் வரிசையாக இருக்கின்றன. 14 முதல் 16 வரை பிப். இந்த வயதில்தான் தேர்வு உண்மையிலேயே கடினம், ஏனென்றால் பள்ளி நண்பர்கள் 'ஒன் ஆஃப் அஸ்' பற்றித்தான் பேசிக்கொண்டிருப்பார்கள். இரண்டில் ஒன்று என்றால் பிப்பையே எடுங்கள். அங்கே வாசகரும் உட்கார்ந்து வேலை செய்ய வேண்டியிருக்கிறது, அதுதான் இந்த வகை நாவலின் முழு இன்பமும். ஏற்கெனவே நிறையத் துப்பறியும் கதை படித்து, புதிருக்காக மட்டுமே படிக்கும் பிள்ளை என்றால் ஸ்டீவியின் மூன்று புத்தகங்களைச் சேர்த்து வாங்குங்கள். கல்லூரிக்குப் போகப்போகும் பிள்ளைக்கு டோனிஸ்.

பையன்கள் இதையெல்லாம் படிப்பார்களா என்று சிலர் கேட்கிறார்கள், துப்பறிகிறவர்கள் பெரும்பாலும் பெண்களாக இருப்பதால். தாராளமாகப் படிப்பார்கள். பிப்பின் சந்தேகப் பட்டியலுக்குள் நுழைந்த பிறகு யார் பெண், யார் பையன் என்று யாரும் பார்ப்பதில்லை. ரவியின் நகைச்சுவையும் பொறுமையும் பையன்களுக்கு நன்றாகவே பிடிக்கும்.

பிப்பின் கதை மூன்று நாவல்கள். மூன்றையும் சேர்த்து ஒரே தொகுப்பாகவும் கடைகளில் விற்கிறார்கள். தனித்தனியாக வாங்குவதைவிடக் கொஞ்சம் மலிவாகவே கிடைக்கலாம். இருந்தாலும் முதலில் ஒன்று மட்டும் வாங்குங்கள். முதல் நாவல் தன்னளவில் முழுமையானது, விடை அதிலேயே வந்துவிடும். 2020-இல் வந்த 'குட் கேர்ள், பேட் பிளட்' முதல் நாவலைப் படித்த உடனே கொடுக்கலாம். மூன்றாவதான 'ஆஸ் குட் ஆஸ் டெட்' (2021) வேறு மாதிரி. முந்தைய இரண்டு வழக்குகளும் பிப்பின் மனதை என்ன செய்துவிட்டன என்பதிலிருந்து தொடங்குகிறது. தூக்கம் இல்லை, மாத்திரையை நம்பி நாள் ஓடுகிறது, யாரோ பின்தொடர்கிறார்கள், போலீஸ் நம்ப மறுக்கிறது. அதன் பிறகு வருவதை 16 வயதுக்கு முன் ஒரு பிள்ளை தனியாகப் படிக்க வேண்டாம் என்பது என் உறுதியான எண்ணம். அதை மட்டும் நீங்களும் கூடவே படியுங்கள்.